கருவியும் குறிக்கோளும்



எங்கள் ஊர் ஜெகதாப்பட்டினம். புதுக்கோட்டை மாவட்டத்தின் கடற்கரையில், கோட்டைப்பட்டினத்தை அடுத்து இருப்பது. பாக் நீரிணையில் மீன் பிடித்து வாழும் ஊர். என் தந்தையார் விசைப்படகுத் தொழிலாளி. “உங்கள் மகன் என்ன தொழில் செய்கிறான்?” என்று யாரேனும் கேட்டால், “அவனும் வலைதான் பின்னுகிறான், ஆனால் அவன் வலையில் நூல் இல்லை” என்று அவர் விடையளிப்பது வழக்கம். கேட்பவர் சிரித்துவிட்டுப் போவார். அந்த விடையில் பாதி வேடிக்கை, பாதி கவலை என்பது எனக்கு மட்டுமே தெரியும்.

நான் இணையப் பக்கங்களை வடிவமைப்பவன். எந்த நிறுவனத்திலும் மாதச் சம்பளம் பெறுபவன் அல்லேன். என் வீட்டுத் திண்ணையை ஒட்டிய சிறிய அறையில் அமர்ந்து, வேலை கொடுப்பவருக்கு வேலை செய்து, செய்த வேலைக்குக் கூலி பெறுபவன். இத்தகைய தனித்தொழிலில் இறங்க விரும்பும் மாணவர்கள் இன்று பலர். அவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் இரண்டு. “எந்தெந்தக் கருவிகளை வாங்க வேண்டும்?” என்பது ஒன்று. “மாதம் எவ்வளவு சம்பாதிக்கலாம்?” என்பது மற்றொன்று. இவ்விரண்டு கேள்விகளையும் நானும் ஒருகாலத்தில் கேட்டேன். தவறான விடைகளை நம்பிப் பொருளையும் காலத்தையும் இழந்தேன். ஆகவே, அந்த இழப்பிலிருந்து கற்றவற்றை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

பாலிடெக்னிக் படிப்பை முடித்து, 2016-ஆம் ஆண்டில் இத்தொழிலைத் தொடங்கினேன். நல்ல கருவி இருந்தால் நல்ல வேலை தானே வரும் என்று அன்று நம்பினேன். என் தாயாரின் கழுத்துச் சங்கிலி அடகுக் கடைக்குப் போயிற்று. 95,000 ரூபாய்க்கு ஒரு மடிக்கணினி வந்தது. படம் வரைவதற்கு மாதந்தோறும் வாடகை செலுத்த வேண்டிய மென்பொருளும் வந்தது. ஐந்து மாதங்கள் சென்றன. ஒரு வேலைகூட வரவில்லை. வட்டி மட்டும் தவறாமல் வந்தது. ஒருநாள் மாலை, கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த என் தந்தையார் தலை நிமிராமலே கேட்டார்: “தம்பி, வலை விலை கூடுதல் என்று மீனுக்குத் தெரியுமா?” அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை.

இத்தொழிலுக்கு உண்மையில் எந்தக் கருவிகள் தேவை? இணையப் பக்கம் என்பது மூன்று மொழிகளால் ஆனது. பக்கத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதைச் சொல்வது எச்.டி.எம்.எல்.; அஃது எவ்வாறு தோன்ற வேண்டும் என்பதைச் சொல்வது சி.எஸ்.எஸ்.; தொட்டால் என்ன நடக்க வேண்டும் என்பதைச் சொல்வது ஜாவாஸ்கிரிப்ட். ஒரு வீட்டுக்குச் சுவரும், பூச்சும், மின்விளக்கின் பொத்தானும் போல இவை மூன்றையும் கருதலாம். இம்மூன்றும் வெறும் எழுத்துக்களே. ஆதலால் எழுத்தைத் தட்டச்சு செய்யக்கூடிய எந்தக் கணினியும் இத்தொழிலைத் தொடங்கப் போதுமானது. பிறர் பயன்படுத்திய கணினியாயினும் குற்றமில்லை. 8 ஜிகாபைட் நினைவகம் இருந்தால் தாராளம்.

எழுதுவதற்கு ‘விஷுவல் ஸ்டுடியோ கோட்’ என்னும் மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். 2015-இல் வெளிவந்தது, விலையில்லாதது. புகைப்படங்களைத் திருத்தக் ‘கிம்ப்’ உண்டு. கோட்டுச் சித்திரங்கள் வரைய ‘இங்க்ஸ்கேப்’ உண்டு. இவையும் விலையில்லாதவையே. பக்கத்தின் மாதிரியை வாடிக்கையாளருக்கு வரைந்து காட்ட ‘ஃபிக்மா’வின் இலவசப் பகுதி போதும். பக்கம் சரியாக வருகிறதா என்று பார்க்கப் பயர்பாக்ஸ், குரோம் ஆகிய உலாவிகள் போதும். அவற்றில் ‘எஃப் 12’ என்னும் விசையை அழுத்தினால், பக்கத்தின் உள்ளுறுப்புகளையெல்லாம் பிரித்துக் காட்டும் ஓர் ஆய்வுக்கூடமே திறக்கும். நம் கையெதிரில் இருக்கும் இந்த ஆய்வுக்கூடத்தைத் திறந்து பாராமலே பல ஆயிரம் ரூபாய்க் கருவிகளைத் தேடி அலைவோர் பலர். நானும் அவர்களுள் ஒருவனாக இருந்தேன்.

இவை இலவசமாகக் கிடைப்பதற்கு ஒரு வரலாறு உண்டு. ஜெனீவா நகருக்கு அருகிலுள்ள ‘செர்ன்’ என்னும் அணு இயற்பியல் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ் லீ என்னும் அறிஞர், 1989-இல் இந்த உலகளாவிய வலைக்குத் திட்டம் வகுத்தார். 1993 ஏப்ரல் 30 அன்று அந்நிலையம், இதனை யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. இந்தியாவில் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு 1995 ஆகஸ்டு 15-இல் கிடைத்தது. அன்று அந்த ஆய்வு நிலையம் காப்புரிமை கோரிக் கதவைச் சாத்தியிருந்தால், ஜெகதாப்பட்டினத்துத் திண்ணையில் அமர்ந்து இத்தொழிலை நான் செய்ய இயன்றிருக்குமா என்பது ஐயமே. எனவே, விலையில்லாத கருவி என்பது தரங்குறைந்த கருவி என்று எண்ணிவிடாதீர்கள்.

மேற்கூறிய பட்டியலில் முதலிடம் பெறவேண்டிய ஒரு கருவியை நான் இன்னும் சொல்லவில்லை. அது காகிதமும் பென்சிலும். வாடிக்கையாளரிடம் பேசும்போது நான் கணினியைத் திறப்பதில்லை. “உங்கள் பக்கத்துக்கு வருபவர் யார்? அவர் என்ன தெரிந்துகொள்ள வருகிறார்? தெரிந்தபின் என்ன செய்ய வேண்டும் என்று விரும்புகிறீர்கள்?” என்று மூன்று கேள்விகள் கேட்டுக் காகிதத்தில் குறித்துக்கொள்கிறேன். இம்மூன்றுக்கும் விடை தெரியாமல் வரையப்படும் பக்கம், எவ்வளவு அழகாக இருப்பினும் பயன்படாது. இதனை நான் கற்றது என் முதல் வேலையில்.

ஆறாவது மாதத்தில் எனக்கு முதல் வேலை கிடைத்தது. மீன் வாங்கி வெளியூர்களுக்கு அனுப்பும் வணிகர் ஒருவர் தம் நிறுவனத்துக்கு ஒரு பக்கம் வேண்டும் என்றார். பெரிய அழகிய படங்கள் பதினான்கினை எடுத்து, பக்கம் முழுவதும் அடுக்கினேன். ஒவ்வொரு படமும் 3 மெகாபைட். என் அறையில் அந்தப் பக்கம் நொடியில் திறந்தது. பெருமையோடு இறங்குதளத்துக்குச் சென்று, அவருடைய கைபேசியில் திறந்து காட்டினேன். அங்கே அலைவரிசை மெலிந்திருந்தது. வெள்ளைத் திரை தெரிந்தது. பின்னரும் வெள்ளைத் திரையே தெரிந்தது. ஏல மணி ஒலித்ததும், அவர் கைபேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஏலக் கூடத்துக்குப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். நீங்களும் போட்டுப் பாருங்கள். 3 மெகாபைட் வீதம் 14 படங்கள் என்றால் 42 மெகாபைட். ஒரு பைட்டுக்கு 8 பிட். ஆகவே 336 மெகாபிட். நொடிக்கு ஒரு மெகாபிட் வரும் மெலிந்த இணைப்பில் இதற்கு 336 நொடிகள், அதாவது ஐந்தரை நிமிடத்துக்கு மேல் ஆகும். கடற்கரையில் நிற்கும் எந்த வணிகர் ஐந்தரை நிமிடம் காத்திருப்பார்? படங்களின் அளவைக் கைபேசித் திரைக்கு ஏற்பச் சுருக்கி, ஒவ்வொன்றையும் 100 கிலோபைட் ஆக்கினேன். மொத்தம் 1.4 மெகாபைட், பதினொரு நொடி. மேலேயுள்ள ஒரு படம் மட்டும் முதலில் வரவும், மற்றவை கீழே நகர்த்தும்போது வரவும் செய்தேன். கணநேரத்தில் பக்கம் திறந்தது. இந்தத் திருத்தத்துக்கு நான் செலவிட்ட பணம் ஒன்றுமில்லை. 95,000 ரூபாய்க் கணினி என் கண்ணுக்கு மறைத்த குறையை, உப்புக் காற்றில் மங்கிப்போன ஒரு பழைய கைபேசி காட்டிக் கொடுத்தது. அன்றுமுதல் என் பக்கங்களைச் சோதிக்க அத்தகைய பழைய கைபேசி ஒன்றை வைத்திருக்கிறேன். என் கருவிகளுள் நான் மிகவும் மதிப்பது அதுவே.

அடுத்து, தமிழில் பக்கம் அமைப்பதைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். 1995-இல் சிங்கப்பூரில் நான்கு மொழிக் கவிதைகளைத் தாங்கிய ஓர் இணையப் பக்கம் வெளியாயிற்று. அதில் தமிழை ஏற்றும் முயற்சியில் முன்னின்றவர் நா. கோவிந்தசாமி என்னும் எழுத்தாளர். பின்னர்ப் பல ஆண்டுகள், ஆளுக்கு ஒரு குறியீட்டு முறையைக் கையாண்டனர். ஒருவர் எழுதிய தமிழ் மற்றொருவர் கணினியில் புரியாத கிறுக்கலாகத் தோன்றும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாடு, விசைப்பலகைக்கும் குறியீட்டுக்கும் தரம் வகுக்க முயன்றது. ‘தமிழ் 99’ விசைப்பலகை அதன் பயனே. இன்று உலகின் எழுத்துக்கள் அனைத்துக்கும் பொதுவான யூனிகோடு நிலைபெற்றுவிட்டது. 2010-இல் தமிழ்நாடு அரசும் அதனை ஏற்றது. முன்னோர் இவ்வளவு பாடுபட்டுத் தந்த வசதி நம் கையில் இருக்கிறது. இருந்தும், தமிழ்ச் சொற்களைப் படமாக்கி ஒட்டும் வடிவமைப்பாளர் இன்னும் உளர். படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடுபொறி எளிதில் அறியாது. பார்வையற்றோருக்குப் பக்கத்தைப் படித்துச் சொல்லும் மென்பொருளாலும் அதனை உள்ளவாறு படிக்க இயலாது.

‘என்.வி.டி.ஏ.’ என்பது அத்தகைய மென்பொருள். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த, தாமும் பார்வையற்றவரான ஓர் இளைஞர் 2006-இல் தொடங்கியது, அதுவும் இலவசம். அதனை நிறுவிக்கொண்டு, கண்ணை மூடி, நீங்கள் அமைத்த பக்கத்தை ஒருமுறை கேட்டுப் பாருங்கள். உங்கள் பக்கத்தின் ஒழுங்கின்மை முழுவதும் காதில் விழும். எழுத்தின் நிறத்துக்கும் பின்புலத்துக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற அளவில் ஒளி வேறுபாடு வேண்டும் என்பது உலகத் தர விதி. வெயிலில் நின்று கைபேசி பார்க்கும் எங்கள் ஊராருக்கும் அந்த விதி நன்மை செய்கிறது.

தமிழ் எழுத்துக்கு மேலே சுழியும், கீழே வளைவும் உண்டு. ஆதலால் வரிகளுக்கிடையே ஆங்கிலத்துக்கு விடுவதைவிடக் கூடுதல் இடம் விடுங்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஆங்கிலச் சொல்லுக்கு அளவெடுத்துத் தைத்த பொத்தானுக்குள் ‘தொடர்புகொள்ளவும்’ என்னும் சொல் அடங்காது. எழுத்துருவுக்கும் விலை கொடுக்க வேண்டியதில்லை. பிரியா ரவிச்சந்திரன் என்பவர் தமிழுக்கும் இலத்தீன் எழுத்துக்கும் சேர்த்து வடித்த ஓர் எழுத்துருக் குடும்பம் கட்டணமின்றிக் கிடைக்கிறது. அதன் பெயர் ‘கேட்டமரான்’. நம் கட்டுமரம் என்ற சொல்லே ஆங்கிலத்துக்குப் போய் அவ்வாறு வழங்கலாயிற்று. எங்கள் கரையோரத்துச் சொல் உலகைச் சுற்றி, ஓர் எழுத்தின் பெயராக என் கணினிக்குத் திரும்பி வந்தபோது நான் அடைந்த மகிழ்ச்சியை உங்களிடம் மறைக்கவில்லை.

கருவிகளைப் பற்றி இன்னும் ஒன்றே ஒன்று. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. எங்கள் மாவட்டத்தில் மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்தன. என் அறையின் கூரை பிரிந்தது; கணினி நனைந்தது. அதனுள் இருந்த மூன்று வாடிக்கையாளரின் வேலை அழிந்தது. வேறிடத்தில் படி எடுத்து வைக்காதது என் குற்றமேயன்றிப் புயலின் குற்றமன்று. இப்பொழுது ‘கிட்’ என்னும் மென்பொருளைக் கொண்டு, அன்றாடம் செய்யும் மாற்றங்களையெல்லாம் வரிசையாகப் பதிந்து, தொலைவிலுள்ள ஒரு சேமிப்பகத்துக்கும் அனுப்பிவிடுகிறேன். 2005-இல் லினஸ் டார்வால்ட்ஸ் எழுதியது அது. அதனைக் கற்க எனக்கு இரண்டு வாரங்கள் ஆயின. கல்லாமையால் இழந்தது நான்கு மாத உழைப்பு.

இனிக் குறிக்கோளைப் பற்றிச் சொல்கிறேன்.

“வீட்டிலிருந்தே மாதம் ஒரு லட்சம்” என்று ஆசை காட்டும் விளம்பரங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். என் முதல் நாட்குறிப்பின் முதல் பக்கத்திலும் அந்த ஒரு லட்சம்தான் எழுதப்பட்டிருந்தது. அது பிழையான குறிக்கோள். தொகை பெரியது என்பதால் மட்டும் பிழையன்று. அஃது என் கையில் இல்லாத ஒன்று என்பதாலேயே பிழை. கடலுக்குப் புறப்படுமுன் என் தந்தையார் இத்தனை கிலோ மீன் பிடிப்பேன் என்று எண்ணிப் புறப்பட்டதில்லை. வலையில் கிழிசல் இல்லையா, டீசல் போதுமா, ஐஸ் ஏற்றியாயிற்றா, மீன்வளத் துறையின் அனுமதிச் சீட்டு கையில் உண்டா என்று பார்ப்பார். அவை அவர் கையில் உள்ளவை. மீன் கடலில் உள்ளது. சில நாள் வெறும் வலையோடு திரும்புவதும் உண்டு. கரைக்கு வந்து சேராமல் இலங்கைச் சிறையில் இருந்த படகுத் தோழர்களும் எங்கள் ஊரில் உண்டு. இவற்றையெல்லாம் அறிந்தும், அவர் தம் கையில் உள்ளதைச் செவ்வனே செய்தார்.

அந்த முறையில் நான் வகுத்துக்கொண்ட ஆண்டுத் திட்டத்தைச் சொல்கிறேன். முதல் மூன்று மாதம்: நான் கூறிய மூன்று மொழிகளையும், ஆயத்த மாதிரிகளின் துணையின்றிக் கைப்பட எழுதிப் பழகுதல். அடுத்த மூன்று மாதம்: உண்மையான மூன்று பக்கங்களை முடித்தல். ஒன்று நம் பள்ளிக்கு, ஒன்று ஊர் நூலகத்துக்கு, ஒன்று தெருவிலுள்ள கடைக்கு. கற்பனை நிறுவனத்துக்குப் பக்கம் அமைத்துக் காட்டுவதைவிட, உள்ள கடைக்கு அமைத்துக் காட்டுவது சிறந்தது. ஏனெனில், உள்ள கடைக்காரர் கேள்வி கேட்பார். பிந்திய ஆறு மாதம்: கூலி பெற்றுச் செய்யும் வேலை மூன்று. ஆம், ஆறு மாதத்தில் மூன்றே. இஃது உங்களுக்குச் சோர்வு தரலாம். ஆனால், உண்மை இதுதான். முதல் ஆண்டில் இத்தொழில் சோறு போடாது. அந்த ஆண்டு முழுவதும் நான் ஐஸ் கம்பெனியில் காலை வேளையில் கணக்கெழுதினேன். அதில் இழுக்கு ஒன்றுமில்லை. வயிற்றுப்பாட்டுக்கு வேறு வழி இருந்தமையால், அடிமாட்டு விலைக்கு வேலை ஏற்காமல் இருக்க முடிந்தது.

விலை எவ்வாறு குறிப்பது? பலர் பக்கத்து ஊரார் விலையைக் கேட்டு, அதில் நூறு ரூபாய் குறைத்துச் சொல்கின்றனர். அவ்வாறு செய்யாதீர்கள், கணக்குப் போடுங்கள். வீட்டுச் செலவுக்கு மாதம் 15,000 ரூபாய், மின்சாரம், இணைப்பு, சேமிப்பு ஆகியவற்றுக்கு 5,000 ரூபாய் என்று கொள்வோம். மொத்தம் 20,000. மாதம் 25 நாள், நாளுக்கு 8 மணி என்றால் 200 மணி நேரம். ஆனால், கூலி கிடைக்கும் வேலை அதில் பாதிதான். மீதிப் பாதி பேசுவதிலும், அலைவதிலும், கற்பதிலும், பணம் கேட்டு நடப்பதிலும் கழியும். ஆகவே 100 மணி நேரத்தில் 20,000 ரூபாய் வேண்டும். மணிக்கு 200 ரூபாய். ஒரு சிறு கடையின் பக்கத்துக்கு 40 மணி நேரம் ஆகுமானால், அதன் விலை 8,000 ரூபாய். 3,000 ரூபாய்க்கு ஒப்புக்கொள்பவர் மீதி 5,000 ரூபாயைத் தம் உறக்கத்திலிருந்து கொடுக்கிறார். உங்கள் செலவு வேறாக இருக்கலாம். கணக்கின் முறை இதுவே.

விலை பேசியபின் அதனை எழுதிக்கொள்ளுங்கள். என் இரண்டாவது ஆண்டில் ஒருவருக்கு வாய்ப்பேச்சை நம்பி வேலை செய்தேன். “ஒரே ஒரு சின்ன மாற்றம்” என்று அவர் பத்தொன்பது முறை கூறினார். பாதிப் பணம் இன்றுவரை வரவில்லை. அவர்மீது நான் வழக்குரைக்க இயலாது. எத்தனை மாற்றம் என்று நாங்கள் வரையறுக்கவே இல்லை. இப்பொழுது ஒரு தாளில் ஆறு செய்திகளை எழுதி இருவரும் கையொப்பமிடுகிறோம். எத்தனை பக்கங்கள், எழுத்தும் படமும் யார் தருவது, எத்தனை முறை மாற்றம், எந்த நாளில் முடிவு, எப்பொழுது எவ்வளவு பணம், முடிந்தபின் பராமரிப்பு யார் பொறுப்பு. பணத்தை மூன்று பங்காக்கி, முதற்பங்கை முன்பணமாகப் பெறுகிறேன். இணைய முகவரியை எப்பொழுதும் வாடிக்கையாளர் பெயரிலேயே பதிவு செய்கிறேன். பிறர் பெயர்ப்பலகையை நம் பெயரில் வைத்துக்கொண்டு அவரைப் பிடித்து வைப்பது அறமாகாது. அவ்வாறு பிடித்து வைக்கப்பட்டவர் நம்மை இன்னொருவருக்குப் பரிந்துரைக்கவும் மாட்டார்.

வெளிநாட்டு வேலைகளைத் தேடித் தரும் ‘அப்வொர்க்’, ‘ஃபைவர்’ போன்ற சந்தைகள் உள்ளனவே என்று கேட்பீர்கள். உண்டு, நானும் அவற்றின் வழியே வேலை செய்திருக்கிறேன். ஃபைவர் நம் கூலியில் நூற்றுக்கு 20 பங்கைத் தனக்கு எடுத்துக்கொள்கிறது. உலகெங்குமுள்ள வடிவமைப்பாளர் அங்கே ஒரே வரிசையில் நிற்கின்றனர். புதியவர் குரல் எளிதில் கேட்பதில்லை. மிதிவண்டி செல்லும் தூரத்தில் உள்ள முதல் ஐந்து வாடிக்கையாளரைப் பெற்றபின் அங்கே செல்லுங்கள். காட்டுவதற்கு ஐந்து பக்கங்கள் இருந்தால், வரிசையில் சற்று முன்னே நிற்கலாம்.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்ட பின் இத்தொழில் இருக்குமா என்பது உங்களில் பலர் மனத்தில் எழும் கேள்வி. 2022 நவம்பரில் ‘சாட் ஜி.பி.டி.’ வெளிவந்தது. அதன்பின் வந்த கருவிகள், ஒரு வரியில் விருப்பத்தைச் சொன்னால் முழுப் பக்கத்தையும் எழுதித் தருகின்றன. நானும் அவற்றைப் பயன்படுத்துகிறேன். வழக்கமான வேலைகள் விரைவில் முடிகின்றன. ஆனால், மீன் வணிகர் ஒருவரின் பக்கத்துக்கு எழுதித் தரச் சொன்னபோது, எங்கள் கரையில் யாரும் வழங்காத பெயர்களை மீன்களுக்குச் சூட்டியிருந்தது அக்கருவி. அவற்றை அப்படியே வெளியிட்டிருந்தால் இறங்குதளம் முழுவதும் சிரித்திருக்கும். பிழையைக் கண்டுபிடிக்க, அந்த மூன்று மொழிகளும் தெரிய வேண்டும். மீனின் பெயரும் தெரிய வேண்டும். மாதிரியைப் பார்த்து நகலெடுக்கும் வேலை மட்டும் செய்பவர்களுக்கு இனிக் கடினமான காலமே. இதனை மறைத்து உங்களுக்கு ஆறுதல் கூற நான் விரும்பவில்லை. வாடிக்கையாளர் வாயிலாக அவர் தேவையை அறிந்து, செய்ததைச் சோதித்து, “இதற்கு நான் பொறுப்பு” என்று சொல்லக்கூடியவர்களுக்கு வேலை இன்னும் இருக்கிறது.

எங்கள் கடலில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு மீன்பிடிப்புக்குத் தடை உண்டு. மீன்கள் இனம் பெருக்கும் காலம் அது. அந்நாள்களில் படகுகள் கரையேறும். பலகை மாற்றுவர், வண்ணம் பூசுவர், வலை பழுது பார்ப்பர். நானும் அந்த 61 நாள்களில் புதிய வேலை எதையும் ஏற்பதில்லை என்று வழக்கப்படுத்திக்கொண்டேன். பழைய வாடிக்கையாளரின் பக்கங்களைத் திறந்து, உடைந்த இணைப்புகளைச் சரிசெய்து, ஒரு புதிய கலையையும் கற்கிறேன். என் வாடிக்கையாளரில் பலர் கடலை நம்பியவர்கள். அந்நாள்களில் அவர்கள் கையிலும் பணம் இராது. ஊரின் பருவத்தை அறிந்து தொழிலை வகுத்துக்கொள்வதும் நடைமுறைக்கு ஒத்த குறிக்கோளில் ஒரு பகுதியே.

தாயாரின் சங்கிலி வீட்டுக்குத் திரும்பியது நான்காம் ஆண்டில். வட்டியோடு சேர்த்து நான் செலுத்திய தொகையில் அதைப் போன்ற மற்றொரு சங்கிலியின் பெரும்பகுதியை வாங்கியிருக்கலாம். இன்றும் நான் லட்சாதிபதி அல்லேன். சில மாதங்களில் 35,000 ரூபாய் வருகிறது. சில மாதங்களில் 12,000. இரண்டையும் சேர்த்துச் சராசரி பார்த்து வாழக் கற்றுக்கொண்டேன். ஊரை விட்டு வெளியேறாமல், வயது முதிர்ந்த பெற்றோர் அருகில் இருந்து, செய்யும் வேலைக்கு நாணப்படாமல் வாழ்கிறேன். இதுவே நான் எட்டிய குறிக்கோள்.

நண்பர்களே, எந்தக் கருவி வாங்குவது என்று என்னிடம் இனி யாரேனும் கேட்டால், வாங்குவதை ஆறு மாதம் தள்ளிப் போடுங்கள் என்றே சொல்வேன். இன்று மாலை ஒரு தாளை எடுத்துக்கொண்டு உங்கள் தெருக் கடைக்குச் செல்லுங்கள். அங்கு வருபவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று அரைமணி நேரம் நின்று கேளுங்கள். கேட்டதை வரிசையாக எழுதுங்கள். உங்கள் முதல் பக்கம் அந்தத் தாளில் தொடங்கட்டும். அதனைக் கணினியில் ஏற்றி முடித்தபின், உங்கள் வீட்டிலுள்ள மிகப் பழைய கைபேசியில் திறந்து பாருங்கள். திறந்தால், நீங்கள் தொழிலைத் தொடங்கிவிட்டீர்கள் என்று பொருள்.